மறைவில் பிறந்து மன்றில் ஒலித்த பாடல்

பாபிலோனின் ஆற்றங்கரைகளில் அமர்ந்து அழுத சிறைக்கைதிகளைத் திருப்பாடல் 137 நமக்குக் காட்டுகிறது. அவர்களை நாடுகடத்தியவர்களே அவர்களிடம் வந்து சீயோனின் பாடல்களைப் பாடிக் காட்டுமாறு கேட்கின்றனர். கேட்பவர்களுக்கு அது இசை விருந்து. பாட வேண்டியவர்களுக்கோ அது வழிபாடு. யாழ்கள் மரக்கிளைகளில் தொங்குகின்றன, பாடல் மறுக்கப்படுகிறது. இறைவனுக்கென்று பிறந்த பாடலை, தம்மை ஒடுக்கியவர் முன்னிலையில் பாடலாமா என்னும் வினாவிற்குத் திருப்பாடலின் ஆசிரியர் தந்த விடை 'இயலாது' என்பதே.

1871-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் மாணவ மாணவியர் ஒன்பது பேர் இதே வினாவை எதிர்கொண்டனர். அவர்களும் அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களே. அவர்களிடமும் பாடல் கேட்கப்பட்டது. ஆனால் அவர்கள் பாடினர். பாடியது மட்டுமன்றி, அதற்கெனக் காணிக்கையும் நுழைவுக் கட்டணமும் பெற்றனர். அந்தப் பயணத்தின் நடுவே, ஒகையோ மாநிலத்து ஓபர்லின் நகரில் அவர்கள் பாடிய ஒரு பாடல் இசை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. மன்றாட்டு ஒன்று மேடையேறும்போது அதற்கு நேர்வது என்ன? அது மன்றாட்டாகவே நிலைக்குமா, வெறும் கலைப்பொருளாக மாறிவிடுமா? ஓபர்லின் நிகழ்ச்சியை முன்வைத்து இவ்வினாவை எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கல்லூரியும் கடனும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிவுற்றது. அடுத்த ஆண்டு சனவரித் திங்களில், டென்னஸியின் நாஷ்வில் நகரில், வடபுலப் படையினர் விட்டுச்சென்ற மருத்துவமனைக் கொட்டகைகளில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கான பள்ளியொன்று திறக்கப்பட்டது. அதுவே 1867-இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் எனப் பதிவு பெற்றது. எழுத்தறிவு தடுக்கப்பட்டிருந்த மக்களல்லவா? சிறுவரும் முதியவரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். அந்நகரில் அடிமைகளை அடைத்து வைத்து விற்ற கொட்டடியில் கிடந்த துருப்பிடித்த விலங்குகளை எடுத்துப் பழைய இரும்பாக விற்று, அந்தப் பணத்தில் திருவிவிலியமும் எழுத்துப் பாடநூல்களும் வாங்கப்பட்டன என்று அப்பள்ளியின் தொடக்க வரலாறு கூறுகிறது. இதைவிட நல்ல உவமையைப் புனைகதை ஆசிரியர் எவரும் புனைந்துவிட முடியாது.

ஆனால் உவமையால் வயிறு நிறையாது. ஐந்தே ஆண்டுகளில் கொட்டகைகள் உளுத்தன, கடன் மிகுந்தது, பள்ளியை மூடிவிடும் நிலை உருவாயிற்று. அப்போது கல்லூரியின் பொருளாளராக இருந்தவர் ஜார்ஜ் ஒயிட். கொல்லர் ஒருவரின் மகன், வடபுலப் படையில் பணியாற்றியவர், பாட்டும் கற்பித்தவர். மாணவர் குழுவொன்றை அழைத்துக்கொண்டு வடமாநிலங்களுக்குச் சென்று பாடி நிதி திரட்டுவது என்று அவர் முடிவு செய்தார். 1871 அக்டோபர் 6-ஆம் நாள் குழு நாஷ்வில்லை விட்டுப் புறப்பட்டது.

அக்குழுவினருள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தாமஸ் ரட்லிங் என்பவரின் முதல் நினைவே, விற்கப்பட்டுப் பிரிந்துசென்ற தாயைப் பற்றியது. எல்லா ஷெப்பர்டு என்னும் இருபது வயதுப் பெண் பியானோ வாசித்தார். குழுவின் துணைப் பயிற்றுநராகவும் விளங்கினார். அவர் குழந்தையாய் இருந்தபோது தந்தை விலை கொடுத்து அவரை மீட்டிருந்தார். சின்சினாட்டியில் அவருக்கு இசை கற்பித்த வெள்ளையர் ஆசிரியர், அச்செய்தி வெளியே தெரியலாகாது என்றும், இரவில் பின்வாசல் வழியாகவே வர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்திருந்தார். பின்வாசல் வழியாகக் கற்ற இசையை முன்வாசல் வழியாகக் கொண்டுசெல்லும் பயணமாக இது அமைந்தது.

பாட மறுத்த பாடல்கள்

இக்குழு தொடக்கத்தில் எவற்றைப் பாடியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அன்றைய வெள்ளையர் அரங்குகளில் வழங்கிய நாகரிகப் பாடல்களையும் நாட்டுணர்வுப் பாடல்களையும் ஐரோப்பிய மரபின் குழுப்பாடல்களையுமே அவர்கள் பாடினர். 'ஸ்பிரிச்சுவல்' என்று இன்று உலகம் போற்றும் அடிமைப் பாடல்கள் அவர்களது நிகழ்ச்சிநிரலில் அரிதாகவே இடம்பெற்றன. இதற்கான காரணத்தை எல்லா ஷெப்பர்டு பிற்காலத்தில் எழுதி வைத்தார். அப்பாடல்கள் அடிமை வாழ்வோடும் இருண்ட காலத்தோடும் பிணைந்தவை, மறக்கப்பட வேண்டியவை என மாணவர்கள் கருதினர். அத்துடன் அவை தம் பெற்றோர் இறைவனை வழிபட்ட புனிதப் பாடல்கள், பொது இடத்தில் பாடத்தகாதவை என்றும் எண்ணினர்.

வெட்கமும் பக்தியும் ஒரே பாடலின் மீது ஒரே நேரத்தில் கவிந்திருந்த நிலை இது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருப்பின் தீர்வு எளிதாயிருக்கும். வெட்கம் மட்டுமாயின், கல்வி பெற்றபின் அப்பாடல்களைக் கைவிட்டிருப்பர். பக்தி மட்டுமாயின், தம் வழிபாட்டிலேயே பாடி மகிழ்ந்திருப்பர். கல்லூரியில் தனியறை ஒன்றில், நாற்காலிகள் போதாமல் தரையில் அமர்ந்து, மிக மெல்லிய குரலில் அம்மாணவர்கள் அப்பாடல்களை ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர். ஒயிட் அவற்றைக் கேட்டார்; அவற்றின் ஆற்றலை உணர்ந்தார். அவற்றை மேடையில் பாடச் செய்ய அவருக்குக் காலம் பிடித்தது.

முதல் வாரங்கள் துன்பமே தந்தன. சின்சினாட்டியில் அவர்கள் பாடத் தொடங்கிய அந்நாள்களில்தான் சிகாகோ நகரைப் பெருந்தீ சூழ்ந்தது. கிடைத்த சிறுதொகை 50 டாலருக்கும் குறைவு. கடனில் மூழ்கிய கல்லூரியின் மாணவர்கள் அதை முழுமையாகச் சிகாகோ மக்களின் துயர்துடைப்புக்கு அளித்துவிட்டனர். நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை நினைவுக்கு வருகிறது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் வெள்ளையர் நாடகங்கள் அந்நாளில் பெருவழக்கு. 'கறுப்பர் பாடுகின்றனர்' என்றால் மக்கள் எதிர்பார்த்தது அத்தகைய கேலிக்கூத்தையே. பக்திப் பாடல் கேட்க வந்தோரும் குறைவு. தங்க இடம் தந்தோரும் குறைவு. கொலம்பஸ் நகரில் ஓர் இரவு முழுவதும் மன்றாடிய ஒயிட், மறுநாள் காலை குழுவிற்குப் பெயர் சூட்டினார்: 'யூபிலி பாடகர்கள்'. லேவியர் நூல் 25-ஆம் அதிகாரம் கூறும் யூபிலி ஆண்டு, அடிமைகள் விடுதலை பெறும் ஆண்டு அல்லவா?

ஓபர்லினில் நிகழ்ந்தது

1871 நவம்பர் நடுவில் ஓபர்லின் நகரில் காங்கிரிகேஷனல் சபைகளின் தேசியப் பேரவை கூடியிருந்தது. ஓபர்லின் கல்லூரி 1835-ஆம் ஆண்டிலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவெடுத்த கல்லூரி. அடிமை ஒழிப்பு இயக்கத்தின் கோட்டை. எனினும் பேரவை உறுப்பினர்கள் இசை கேட்க வந்தவர்களல்லர். சபை ஆட்சி பற்றியும் அமைப்பு பற்றியும் விவாதிக்க வந்த போதகர்கள். இடைவேளையின் சலசலப்புக்கு நடுவே, அறிவிப்பு ஏதுமின்றி, மிக மெல்லிய குரலில் ஒரு பாடல் எழுந்தது. அதுவே 'ஸ்டீல் அவே'. பேச்சு அடங்கியது. கேட்டவர்கள் கண்ணீர் விட்டனர் என்று குழுவின் வரலாறு கூறுகிறது.

இப்பாடலின் பெயரிலேயே ஒரு பொருளாழம் உண்டு. ஆங்கிலத்தில் அச்சொல் ஓசையின்றி நழுவிச் செல்வதையும் குறிக்கும், திருடுவதையும் குறிக்கும். மனிதன் மற்றொருவரின் உடைமை என்று சட்டம் கூறிய நாட்டில், அடிமை தன் இருப்பிடம் விட்டு நழுவினால் அவன் தன்னையே திருடியவன் ஆகிறான். உரிமையாளரின் கண்ணுக்குத் தப்பி, இரவில் காட்டின் மறைவிடங்களில் கூடி இறைவேண்டல் செய்த அடிமைகள், ஓசை வெளியே கேளாதிருக்கும் பொருட்டுப் பெரிய இரும்புப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தனர் என்று முன்னாள் அடிமைகள் பலர் சான்று பகர்ந்துள்ளனர். பாத்திரம் தங்கள் குரலை விழுங்கிக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. இயேசுவிடம் ஒதுங்கிச் செல்வதைப் பாடும் இப்பாடல் அத்தகைய கூட்டங்களுக்கான அழைப்பாகவும் தப்பியோடுவோருக்கான குறிப்பாகவும் பயன்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி.

ஆக, இது பிறர் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகவே மெல்லப் பாடப்பட்ட பாடல். கேட்டால் கசையடி. அப்பாடல் இப்போது நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில், கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே பாடப்படுகிறது. இம்முரணை அவர்கள் எவ்வாறு கையாண்டனர் என்பதில்தான் அந்நிகழ்ச்சியின் கலைச்சிறப்பு அடங்கியுள்ளது என்று கருதுகிறோம். அவர்கள் குரலை உயர்த்தவில்லை. மறைவிடத்தின் மென்மையை மன்றத்துக்கும் கொண்டுவந்தனர். மென்குரலின் ஆற்றலை விளக்க ஒயிட் புலியை உவமையாகக் கூறுவாராம்: பின்னே வந்து நிற்கும் புலியின் அடியோசை நமக்குக் கேளாது, ஆயினும் அதன் வலிமை முழுவதும் அந்த அடிவைப்பில் இருக்கும். மெல்லிய குரல், அடங்கிய குரலாக இராமல், அடக்கி வைக்கப்பட்ட வலிமையின் குரலாக ஒலித்தது. உரத்த பாடல் கேட்பவரைத் தேடிச் செல்லும். மெல்லிய பாடலைக் கேட்பவரே தேடிச் செல்ல வேண்டும். ஓபர்லினில் போதகர்கள் தம் பேச்சை நிறுத்தி அப்பாடலிடம் செல்ல வேண்டியதாயிற்று.

இசையமைப்பும் இதற்குத் துணை நின்றது. நீண்ட சுரங்களில் தாழ்ந்து தொடங்கும் பல்லவி, இடியையும் எக்காளத்தையும் பாடும் சரணங்களில் வலுப்பெற்று எழுந்து, மீண்டும் அதே தாழ்ந்த நிலைக்குத் திரும்புகிறது. அச்சமும் நம்பிக்கையும் ஒரு மூச்சில் ஏறி இறங்குகின்றன. இக்குழுவின் பாடல்களைத் தியடோர் சீவர்டு என்பவர் சுரப்படுத்தி 1872-இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் பாதிக்கு மேற்பட்ட மெட்டுகளில் நான்காம், ஏழாம் சுரங்கள் இல்லை என்று அவர் குறிப்பிடுகிறார். மத்திமமும் நிஷாதமும் நீங்கிய ஐந்து சுர அமைப்பு நமக்கு அயலானதன்று. அது நம் மோகன இராகத்தின் சுரவரிசையே. கடல் கடந்த மக்களின் துயரப் பாடல்கள் நம் செவிக்கு விரைவில் நெருக்கமாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஓபர்லினுக்குப் பின் பயணத்தின் திசை மாறியது. அடுத்த மாதம் புரூக்ளின் நகரின் பிளிமத் ஆலயத்தில் புகழ்பெற்ற மறையுரையாளர் ஹென்றி வார்டு பீச்சர் அவர்களுக்கு மேடை தந்தார். நாகரிகப் பாடல்கள் படிப்படியாகப் பின்னுக்குச் செல்ல, மறக்கப்பட வேண்டியவை எனக் கருதப்பட்ட பாடல்கள் முன்னுக்கு வந்தன. முதற்பயணம் 20,000 டாலர் ஈட்டிக் கல்லூரியின் கடனைத் தீர்த்தது. 1873-இல் அவர்கள் இங்கிலாந்து சென்று விக்டோரியா பேரரசியார் முன்னிலையில் பாடினர். பயணங்களில் ஈட்டிய பொருளால் எழுந்த 'யூபிலி மாளிகை' 1876-இல் திறக்கப்பட்டது. தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் உயர்கல்விக்கென எழுந்த முதல் நிலையான கட்டடம் அதுவே. பின்னாளில் ஃபிரெடரிக் லூடின் என்பவர் தலைமையில், கல்லூரியைச் சாராது தனித்து இயங்கிய குழு 1884 முதல் 1890 வரை உலகைச் சுற்றிவந்து இந்தியாவிலும் பாடிச் சென்றது.

கலையா, மன்றாட்டா?

இவ்வெற்றியைக் கண்டு அனைவரும் மகிழ்ந்தனர் என்று கூறிவிட இயலாது. கறுப்பின எழுத்தாளரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளருமான சோரா நீல் ஹர்ஸ்டன் 1934-இல் எழுதிய கட்டுரையொன்றில் வன்மையான மறுப்பை முன்வைத்தார். மேடைகளில் கேட்பவை உண்மையான ஸ்பிரிச்சுவல்கள் அல்ல என்றார் அவர். உண்மைப் பாடல் கூட்டு வழிபாட்டில் பிறப்பது; பாடுவோரின் அன்றைய மனநிலைக்கேற்ப ஒவ்வொரு முறையும் மாறுவது; கரடுமுரடான ஒலியிணைவையே தன் இயல்பாகக் கொண்டது. பயிற்சி பெற்ற குரல்கள் அக்கரட்டைத் தேய்த்து மெருகூட்டி, கேட்போருக்கு உகந்ததாக்கிவிட்டன. ஃபிஸ்க் பாடகர்களிடம் தொடங்கிய இம்மரபு, மூலத்தின் சாயலில் எழுந்த மற்றொரு கலையே என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 1871-இன் குரலை நம்மால் கேட்க இயலாது. ஒலிப்பதிவு அன்று இல்லை. இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் பழமையானது ஃபிஸ்க் கல்லூரியின் ஆடவர் நால்வர் 1909-இல் அளித்த ஒலிப்பதிவு. அதைக் கேட்கும் எவரும் அதன் ஒழுங்கையும் தூய்மையையும் உணர்வர். இரவுக் காட்டின் கதறலும் கைதட்டலும் அதில் இல்லை. மூலத்தில் இருந்த ஏதோவொன்று இழக்கப்பட்டது உறுதி.

ஆயினும் ஹர்ஸ்டனோடு நாம் முற்றிலும் உடன்பட இயலவில்லை. வழிபாட்டில் பாடுபவர் இறைவனை நோக்கிப் பேசுகிறார். மேடையில் அதே பாடலைப் பாடுபவர், தம் மக்கள் இறைவனிடம் எவ்வாறு பேசினர் என்பதைப் பிறர் முன் எடுத்துரைக்கிறார். முன்னது மன்றாட்டு, பின்னது சான்று. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சான்று பகர்தலும் நம் நம்பிக்கை வாழ்வின் தலையாய பணியே. அரசன் அகிரிப்பாவின் முன்னிலையில் தம் மனமாற்றத்தை எடுத்துரைத்த பவுலடியார் அங்கு மன்றாடிக்கொண்டிருக்கவில்லை, சான்று பகர்ந்தார். அதனால் அவரது மனமாற்றம் பொய்யாகிவிடவில்லை. கலைக்கு இங்கு ஒரு கடமை உண்டு. சான்றைத் திரிக்காமலும் கேட்பவரின் சுவைக்காகக் கேலியாக்காமலும் அதைக் கொண்டுசேர்க்க வேண்டும். கரி பூசிய கேலிக்கூத்து ஓங்கியிருந்த நாட்டில், அதே மக்களின் பாடலை மாண்போடு நின்று பாடியதன் மூலம் ஒன்பது இளைஞர்கள் அக்கடமையை நிறைவேற்றினர். மெருகேறியது உண்மை, ஆனால் பொய்யேறவில்லை.

இதற்கு நல்லதொரு சான்று, ஃபிஸ்க் கல்லூரியில் பயின்று 1888-இல் பட்டம் பெற்ற டு பாய்ஸ் 1903-இல் வெளியிட்ட 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' என்னும் நூல். அதன் ஒவ்வோர் அதிகாரத்தின் தலைப்பிலும் இத்தகைய துயரப் பாடலொன்றின் சுர வரி அச்சிடப்பட்டுள்ளது. இறுதி அதிகாரம் அப்பாடல்களைப் பற்றியதே. பாடல்கள் மேடையேறியிராவிட்டால், அச்சிந்தனையாளர் தம் மக்களின் அறிவுச் செல்வத்துக்கு அவற்றை அடித்தளமாகக் கொண்டிருப்பாரா என்பது ஐயமே.

கேட்டவர்களின் கணக்கு

பாடியவர்களைப் பற்றி இத்தனை ஆராயும் நாம், கேட்டவர்களையும் ஆராய வேண்டும் அல்லவா? இங்குதான் நம் நெஞ்சு கனக்கிறது. ஆலயத்தில் கண்ணீர் மல்கக் கேட்ட மக்களின் ஊர்களிலேயே, அன்றிரவு அப்பாடகர்களுக்கு விடுதிக் கதவுகள் அடைக்கப்பட்டன. நியூ ஜெர்சி மாநிலத்து விடுதிக்காரர் ஒருவர், அவர்களைக் கரி பூசி நடிக்கும் வெள்ளையர் என்று எண்ணி இடமளித்து, உண்மையிலேயே கறுப்பினத்தவர் எனக் கண்டவுடன் வெளியேற்றினார். கறுப்பைப் பூசிக்கொண்டவனுக்கு அறை உண்டு; கறுப்பாய்ப் பிறந்தவனுக்கு இல்லை. பாடல் உள்ளத்தை உருக்கியது. ஆனால் உருகிய உள்ளம் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. கண்ணீருக்கு விலை குறைவு. பயணத்தின் சுமையைப் பாடகர்களே சுமந்தனர். பலருடைய உடல்நலம் குன்றியது. பிறர் படிக்கும்பொருட்டுப் பாடச்சென்ற பலரின் படிப்பு இடையில் நின்றது.

இது பிறிதொரு சபையின் வரலாறு என்று நாம் ஒதுங்கிவிடவும் வழியில்லை. அமெரிக்காவில் நம் திருச்சபையின் கணக்கு வேறு விதமாக எழுதப்பட்டது. 1838-இல் மேரிலாந்து இயேசு சபையினர் தம் உடைமையாயிருந்த 272 அடிமைகளை லூயிசியானாத் தோட்ட உரிமையாளர்களுக்கு விற்றனர். அப்பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் பயன்பட்டது. விற்கப்பட்டவர்கள் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கக் குடும்பத்தினர். அச்செயலுக்காக ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இயேசு சபையினரும் 2017-இல் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் முன்னிலையில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டனர்.

இரு கல்லூரிகள், இரு கடன்கள். ஒன்று மனிதரை விற்றுக் கடன் தீர்த்தது. மற்றொன்று, விற்கப்பட்ட மனிதரின் பிள்ளைகள் பாடிக் கடன் தீர்த்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், ஓபர்லினில் எழுந்த மென்குரலின் முழுப்பொருள் நமக்கு விளங்குகிறது. தம்மைச் சந்தைப்பொருளாக்கிய உலகிலேயே தம் பாடலை எடுத்துச் சென்று, அதற்குரிய விலையைத் தம் மக்களின் கல்விக்காகத் தாமே பெற்றனர். 'பாடலை விற்றுவிட்டார்கள்' என்று எவரேனும் குறை கூறினால், அவர்களையே விற்றது யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

நம் திருச்சபையில் ஒலித்தபோது

1963 திசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, தமக்கென இசை மரபுடைய மக்களின் சமய, சமூக வாழ்வில் அவ்விசை பெறும் சிறப்பிடத்தை மதித்து அதற்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென 119-ஆம் பிரிவில் கூறுகிறது. ஆவணத்தில் எழுதப்பட்டது ஆலயத்தில் ஒலிக்கக் காலம் பிடித்தது. 1989 சூன் மாதம் அமெரிக்க ஆயர்களின் கூட்டத்தில் பேச அழைக்கப்பட்ட அருட்சகோதரி தியா போமன், புற்றுநோயால் நலிந்து சக்கர நாற்காலியில் வந்தார். மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, ஒன்பது வயதில் கத்தோலிக்க நம்பிக்கையை ஏற்ற கறுப்பினப் பெண்மணி அவர். கறுப்பினத்தவராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பது என்ன என்பதை அவர் விளக்கத் தொடங்கியது, தாயற்ற பிள்ளையின் தனிமையைப் பாடும் ஸ்பிரிச்சுவல் ஒன்றைப் பாடித்தான். ஆயர்கள் அமைதியாய்க் கேட்டனர். ஆனால் அவர் அத்துடன் அவர்களை விட்டுவிடவில்லை. இறுதியில் அவர்களை எழுந்து நிற்கச் செய்து, கைகளைக் கோத்துக்கொண்டு தம்மோடு சேர்ந்து பாட வைத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவரைப் புனிதராக அறிவிப்பதற்கான பணிகள் 2018-இல் தொடங்கின.

ஓபர்லினில் கேட்டவர்கள் கண்ணீர் விட்டனர், காணிக்கை இட்டனர். தியா போமனோ கேட்டவர்களையும் பாட வைத்தார். கேட்பவர் பாடுபவரோடு நிற்கும்போது, சான்று மீண்டும் மன்றாட்டாகிறது. ஹர்ஸ்டன் தேடிய கூட்டு வழிபாடு, அக்கணத்தில், பட்டம் பெற்ற ஒருவரின் உரை நடுவே ஆயர் பேரவையிலேயே முளைத்தது. ஆகவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கான விடை பாடுபவரிடம் மட்டும் இல்லை. கேட்பவர் என்ன செய்கிறார் என்பதிலும் உள்ளது என்று தோன்றுகிறது.

தமிழகத் திருச்சபையில் இவ்வினா நமக்கும் உரியதே. பறையை இழிவின் சின்னமாகக் கருதி ஒதுக்கியோரும் உண்டு. அதையே விடுதலையின் முழக்கமாக ஏற்று ஆலயத்துக்குள் கொண்டுவந்தோரும் உண்டு. இரு சாராரையும் எல்லா ஷெப்பர்டு புரிந்துகொண்டிருப்பார். நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறொன்று. திருவிழா மேடையில் அவ்விசைக்குக் கைதட்டும் நம் கைகள், அதை இசைத்தவர் நம் தெருவுக்கும் வீட்டுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் வரும்போது கதவைத் திறக்கின்றனவா? கைதட்டிவிட்டுக் கதவடைக்கும் வழக்கம் நியூ ஜெர்சியோடு முடிந்துவிடவில்லை.

ஃபிஸ்க் யூபிலி பாடகர்கள் இன்றும் பாடுகின்றனர். முதற்குழு புறப்பட்ட அக்டோபர் 6-ஆம் நாள் அக்கல்லூரியில் ஆண்டுதோறும் நினைவு கூரப்படுகிறது. 150-ஆம் ஆண்டு நினைவாக அவர்கள் வெளியிட்ட இசைத்தொகுப்பு 2021-இல் கிராமி விருது பெற்றது. விருதுகள் மகிழ்ச்சிக்குரியனவே. ஆனால் கவிழ்த்து வைத்த பாத்திரத்துக்குள் தம் குரலை ஒளித்த அந்த முதல் மக்கள் விருதுக்காகப் பாடவில்லை. தங்களைக் கேட்பவர் ஒருவர் உண்டு என்று நம்பிப் பாடினர். அந்நம்பிக்கையை அவர்தம் பிள்ளைகள் மன்றத்தில் எடுத்துரைத்துவிட்டனர். இனி, கேட்டவர்களின் முறை.